இனிஷியேட்டர், ப்ரோமோட்டர்: தமிழில் எப்படி?

குழுவினருக்கு வணக்கம்.

தம் மாணவர்களுக்காகப் புற்றுநோய் ஆய்வாளர் ஐசக் பெரன்பிளமின் ஆய்வு வாழ்க்கையைத் தமிழில் எழுதிவரும் அம்மையார் நேற்று இப்படிக் கேட்டிருந்தார்:

> கார்சினோஜனை, அதாவது புற்றுநோயை உண்டாக்கும் பொருளை, 'புற்றுநோய் ஊக்கி' என்று எழுதிவிட்டேன். இப்போது ப்ரோமோட்டருக்கும் 'ஊக்கி'தான் வாயில் வருகிறது. என்ன செய்வது?

'ப்ரோமோட்டர்' என்றே விட்டுவிடலாம் என்பவர்கள் சேலம் புறவழிச்சாலையில் ஒருமுறை போய்வரட்டும். மனை விற்கும் பலகைகளிலெல்லாம் அந்தச் சொல்தான்.

புற்றைத் தொடங்கிவைக்கும் பொருள் இனிஷியேட்டர்; தொடங்கியதைப் பெருகவைப்பது ப்ரோமோட்டர். சொல்லைத் தேடுமுன் சோதனையைப் பார்ப்போம். 1915இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் யமகிவாவும் இச்சிகாவாவும் முயல் காதில் தார் தடவித் தடவிப் புற்றை வரவழைத்தார்கள். தோல் ஓயாமல் எரிச்சலுறுவதால்தான் புற்று என்ற எண்ணம் அப்போது வலுவாக இருந்தது. இங்கிலாந்தில் இருந்த பெரன்பிளம், சுண்டெலித் தோலில் தாரோடு கடுகு வாயுப் பொருளையும் தடவிப் பார்த்தார். போர்க்களத்தில் கொப்புளம் கிளப்பிய பொருள். அதைவிட எரிச்சல் ஏது? கட்டிகள் பெருகவில்லை, குறைந்தன. 1929இல் இதை வெளியிட்டார். எரிச்சலூட்டும் வேறு பொருள்களைத் தேடிப்போனவர் கையில் அகப்பட்டது நேர்வாள விதை. ஆம், நம் சித்த மருத்துவர்கள் தோலும் முளையும் நீக்கிச் சுத்தி செய்து பேதிக்குக் கொடுக்கும் அதே நேர்வாளம்தான். 1941இல் அவர் காட்டியது இது: புற்றாக்கும் பொருளோடு நேர்வாளப் பிசினும் சேர்ந்தால் கட்டிகள் பெருகுகின்றன.

1947இல் ஷூபிக் என்ற ஆய்வாளருடன் செய்த சோதனை இன்னும் தெளிவானது. புற்றாக்கும் பொருளை ஒரே ஒருமுறை, கட்டி வராத அளவில் தடவுகிறார்கள். பிறகு நேர்வாள எண்ணெயைத் திரும்பத் திரும்பத் தடவுகிறார்கள். கட்டிகள் வருகின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே பல வாரம் சும்மா விட்டாலும் வருகின்றன. எண்ணெய் முதலிலும் புற்றாக்கும் பொருள் பிறகும் என்று வரிசையை மாற்றினால் வருவதில்லை. இங்கே ஒருமுறை தடவிய பொருள் இனிஷியேட்டர், நேர்வாள எண்ணெய் ப்ரோமோட்டர்.

இதைக் கேட்டால் விவசாயிக்கு உடனே புரியும். விதைக்காத நிலத்துக்கு எவ்வளவு நீர் பாய்ச்சி என்ன? ஆகவே கார்சினோஜனுக்குப் புற்றாக்கி. இனிஷியேட்டருக்கு வித்தி, 'வித்தும் இடல்வேண்டும் கொல்லோ' என்ற குறளின் வித்து. ப்ரோமோட்டருக்கு முளைப்பி. 'ஊக்கி' வினையூக்கிக்கே இருக்கட்டும், பாவம், அதற்கு ஏற்கெனவே வேலை அதிகம்.

ஏற்காட்டிலிருந்து வந்த மறுமொழி:

> ஐயா, முளைக்க ஓரிரு நாள் ஈரம் போதும். சுண்டெலிக்கோ மாதக்கணக்கில் தடவவேண்டியிருக்கிறது. எங்கள் காப்பிச் செடியைப் பாருங்கள். மொட்டு கட்டி வறட்சியில் உறங்கிக் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் நல்ல மழை ஒன்று விழுந்தால் பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகிவிடும். அதன் பின்னும் மழை வராவிட்டால் பிஞ்சு நிற்காது. 'மலர்த்தி' என்று வைக்கலாமே?

உவமை என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புற்றுநோய்ப் பிரிவின் பெஞ்சில் சீட்டோடு காத்திருப்பவரிடம் 'மலர்த்தி' என்று சொல்ல எனக்கு நா எழாது. இருந்தாலும் ஏற்காட்டு அம்மா சொன்ன குறை சரியானது. எண்ணெயை ஒவ்வொரு முறைக்கும் நடுவே போதிய இடைவெளி விட்டுத் தடவினால் கட்டி வருவதில்லை. வித்தி செல்லின் மரபணுவில் விட்டுச்செல்லும் மாற்றம் அழியாது; எண்ணெயின் வேலையோ விட்டால் தேய்ந்துபோகிறது. அது மாறிய செல்லைப் பெருகவைக்கிற வேலை. ஆகவே முளைப்பியைக் கைவிடுகிறேன். வளர்ப்பி.

'வித்தி' வினையெச்சமாகவும் படுமே என்று இன்னொருவர் தனிமடலில் கேட்டிருக்கிறார். படும்தான். 'விதைப்பி' என்று மாற்றச் சொல்கிறார். அது ஆள் வைத்து விதைக்கும் பண்ணையாரைக் குறிக்கும். வேண்டாம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: 'நேர்வாள எண்ணெய் வளர்ப்பியே, வித்தி அன்று, தாரில் இரண்டும் உண்டு.' அம்மையார் தம் மாணவர்களிடம் இதை வாசித்துக் காட்டி, எந்தச் சொல்லில் அவர்கள் நெற்றி சுருங்கியது என்று எழுதினால் நல்லது.