புதுப்பிப்பு: தங்கையின் ஆங்கிலக் கேள்விகள்

போன மாதம் எழுதியிருந்தேன்: பெங்களூர் அல்சூரில் என்னோடு இருக்கும் தங்கை ஆங்கிலம் நன்றாகவே பேசுகிறாள், கேள்வி கேட்கும்போது மட்டும் ‘வேர் யூ ஆர் கோயிங்?’ என்று வரிசை தவறுகிறது, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தமிழோடு ஒப்பிட்டுக் காட்டச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. ‘வந்தான்’ என்பதோடு ஓர் ‘ஆ’ சேர்த்தால் ‘வந்தானா?’, கேள்வி தயார். எந்தச் சொல்லும் நகர வேண்டாம். ஆங்கிலத்தில் துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னால் வர வேண்டும்: ‘யூ ஆர்’ என்பது ‘ஆர் யூ’ ஆகும். துணைவினையே இல்லாவிட்டால் டூ, டஸ், டிட் மூன்றில் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். டிட் வந்தால் இறந்தகாலத்தை அதுவே சுமக்கும். ‘டிட் யூ வென்ட்’ அல்ல, ‘டிட் யூ கோ’. மெட்ரோவுக்கு நடக்கும் நேரத்தில் தினமும் பழகினோம். இரண்டு வாரத்தில் படிந்துவிட்டது.

அப்புறம் புதுச் சிக்கல். இப்போது எல்லா இடத்திலும் திருப்பிப் போடுகிறாள்: ‘டூ யூ நோ வேர் இஸ் த பேங்க்?’ கேள்விக்குள் இருக்கும் கேள்விக்குச் சாதாரண வரிசைதான்: ‘வேர் த பேங்க் இஸ்’. நான் திருத்தியதும் பாவம், குழம்பிப்போனாள். எனக்கு இது முன்னேற்றமாகத்தான் படுகிறது. விதி பிடிபட்டுவிட்டது, அதன் எல்லைதான் இன்னும் பிடிபடவில்லை.

வியாழக்கிழமை அவளுக்கு நேர்முகத் தேர்வு. முடிந்ததும் எழுதுகிறேன்.