புதுப்பிப்பு: மடக்குக் கத்தியைத் திருப்பிக் கொடுக்கவில்லை

போன கிழமை கேட்டிருந்தேனே, புதுக் கத்தியை மடக்கினால் அலகு நடுவில் நிற்காமல் இடப்பக்கம் ஒதுங்குகிறது, பிடியிலும் மயிரிழைக் கீறல் ஒன்று, திருப்பிக் கொடுக்கவா என்று. கொடுக்கவில்லை. அலகு சுழலும் அச்சுத் திருகைக் கால் சுற்றுத் தளர்த்தி, அலகை வலப்பக்கம் மெல்லத் தள்ளிப் பிடித்தபடி இறுக்கினேன். இப்போது பிடியின் உட்சுவரில் உரசவில்லை. அலகுக்கும் சுவருக்கும் நடுவே கடதாசி நுழைகிறது. அது போதும். விரித்துப் பூட்டி, அலகின் முதுகைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தேன், ஆட்டமில்லை. ஆடியிருந்தால் பூட்டில் பிழை, அன்றைக்கே கடைக்குப் போயிருப்பேன்.

கீறலா? உட்துறைமுகக் கரையில் இரண்டு நாள் மீன் வெட்டியதில் அதற்குத் துணையாக நாலைந்து வந்துவிட்டன. திருகோணமலை உப்புக்காற்றுக்கு அச்சடியில் துருவின் செம்புள்ளி தெரிகிறது, இப்போது கவலை அதுதான். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டிருக்கிறேன்.