ஊட்டி ஏற்றத்தில் பழைய வி8-ஆ, புது டர்போவா?

குன்னூர்வாசி:
1970 ஷெவல் எஸ்எஸ் என்ற அமெரிக்கக் காரில் வந்த எல்எஸ்6 என்ற வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் 7.4 லிட்டர், 450 குதிரைத்திறன். 2015 மஸ்டாங் காரின் 2.3 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி உள்ள) எஞ்சினோ 310 தான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏற்றினால் எது நன்றாக இழுக்கும் அண்ணா?

கோத்தகிரி மெக்கானிக்:
தம்பி, அந்த 450-ஐ அப்படியே நம்பாதீங்க. அது கிராஸ் கணக்கு, ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவும் மாட்டாமல் எஞ்சினை மட்டும் தனியாக ஓட்டி அளந்தது, 1972 வாக்கில்தான் அமெரிக்கக் கம்பெனிகள் எல்லாம் மாட்டி அளக்கும் நெட் கணக்குக்கு மாறின. அப்புறம் ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, டர்போ இல்லாத எஞ்சினில் சக்தியும் கிட்டத்தட்ட அவ்வளவு விழும். பழைய எஞ்சினில் காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டருக்கு இது தெரியாது, மெலிந்த காற்றுக்குப் பெட்ரோலை அதிகமாகவே விடும், பிளக்கைக் கழற்றினால் நுனியெல்லாம் கரி. புது எஞ்சினில் சென்சார் பார்த்து அளவைக் குறைத்துவிடும், டர்போவும் வேகமாகச் சுற்றி இழப்பைப் பெருமளவு ஈடுகட்டும். என் ஓட்டு டர்போவுக்கு.

பர்லியார் டிரைவர்:
எல்லாம் சரி, ஆனால் கொண்டை ஊசி வளைவில் வேகம் செத்து மறுபடி மிதிக்கும்போது டர்போ ஒரு கணம் யோசிக்கும், பெரிய வி8 மிதித்த உடனே இழுக்கும். அந்த இழுவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இறங்கும்போதும் செகண்ட் கியரில் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், கல்லட்டி இறக்கத்தில் அது பெரிய விஷயம்.