அப்டேட்: பெர்ஃப்யூம் சாம்பிள் விஷயம்
போன தடவை எழுதியிருந்தேன்ல, ஒரு பெரிய பெர்ஃப்யூம் கடைல சாம்பிள் கேட்டதுக்கு வாங்குறவங்களுக்கு மட்டும்தான்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொன்னாங்கன்னு, அதுக்கு அப்டேட். நீங்க சொன்ன மாதிரியே வேற கடைக்குப் போனேன், அங்க இருந்த அக்கா வெறும் அட்டைல அடிச்சு நீட்டாம மணிக்கட்டுல ஸ்ப்ரே பண்ணிவிட்டு "இப்பவே வாங்காதீங்க, ஒரு சுத்து சுத்திட்டு வாங்க"ன்னாங்க. அதான் சரியான சர்வீஸ்! முதல்ல தூக்கலா வர்ற எலுமிச்சை, ஆரஞ்சு வாசனையெல்லாம் பெரும்பாலும் 15-30 நிமிஷத்துல போயிடும், அடில இருக்குற சந்தனம், கஸ்தூரிதான் மணிக்கணக்கா தோல்ல நிக்கும், அதப் பாக்காம அவ்ளோ காசு எப்படிக் குடுக்குறது? கேக்காமலே 2 மில்லி குப்பி ரெண்டு குடுத்தாங்க. வீட்ல போட்டுப் பாத்ததுல ஒண்ணு தலைவலி, இன்னொண்ணு மறுநாளும் சட்டைல மணத்துச்சு, அதத்தான் அந்த அக்காகிட்டயே போய் வாங்கிட்டேன்.