பெரும்பான்மை இருந்தால் அரசியலமைப்பில் எதையும் மாற்றலாமா?

கேள்வி: "மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம் வைத்ததே சட்டம், குறுக்கே நிற்க நீதிபதிகள் யார்?" என்று நண்பர்கள் வாதிடுகிறார்கள். என்ன பதில் சொல்வது? பேச்சைத் தாண்டி ஏதாவது செய்ய முடியுமா?

பதில் 1: அரசியலமைப்பைத் திருத்தும் முறையைச் சொல்லும் அதன் 368-ஆவது பிரிவிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கூட்டாட்சி சார்ந்தவற்றுக்குப் பாதி மாநிலங்களின் ஒப்புதலும் தேவை. அதற்கும் மேலே உச்ச நீதிமன்றத்தின் 1973 கேசவானந்த பாரதி தீர்ப்பு: அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை, அதாவது அதன் ஆதாரத் தன்மைகளை, எந்தத் திருத்தமும் சிதைக்க முடியாது என்றார்கள், 13 நீதிபதிகளில் 7 பேர்.

பதில் 2: 'அடிப்படைக் கட்டமைப்பு' என்ற சொல் அரசியலமைப்பில் எழுதியிருப்பதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள், வாதம் அங்கேயே விழும். அது தீர்ப்பில் பிறந்தது. 1975-ஐ எடுத்துக் காட்டுங்கள். இந்திரா காந்தியின் தேர்தல் வழக்கு மேல்முறையீட்டில் இருக்கும்போதே, பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் தொடக்கூடாது என்று 39-ஆவது திருத்தம் கொண்டுவந்தார்கள். பெரும்பான்மை இருந்தது. நியாயம் இருந்ததா? அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கிறது என்று அந்தப் பகுதியை உச்ச நீதிமன்றம் நவம்பரிலேயே ரத்து செய்தது.

பதில் 3: செய்ய வேண்டியதும் உண்டு. மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு (மசோதாக்களை ஆராயும் எம்.பி.க்கள் குழு) போனால், பெரும்பாலும் பொதுமக்களிடம் கருத்து கேட்டு அறிவிப்பு வரும். உட்பிரிவு எண், இப்போதைய வாசகம், நீங்கள் கேட்கும் வாசகம், காரணம் என்று எழுதி, கெடுவுக்குள் அனுப்புங்கள். பொத்தாம்பொதுவான கண்டனம் எடுபடாது.