வீட்டில் கேட்டால் சொல்லிவிடுகிறேன், தேர்வு ஹாலில் எல்லாம் மறந்துபோகிறது (குரூப் 4)

தருமபுரிப் பொண்ணு:
டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிக்கிறேன். பகலில் ஜவுளிக்கடையில் பில்லிங் வேலை, இரவு சாப்பிட்ட பிறகுதான் புத்தகம். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் புத்தகம் முடித்தாயிற்று, வீட்டில் யாராவது கேட்டால் நூல், ஆசிரியர் எல்லாம் டக்கென்று சொல்லிவிடுவேன். ஆனால் போன தேர்வில் கேள்வித்தாளைப் பிரித்ததும் கை வியர்த்து, நெஞ்சு படபடவென்று அடித்து, முதல் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தும் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. கணக்குக்கு நேரமே மிஞ்சவில்லை. இப்போது புத்தகத்தைத் தொட்டாலே அந்த ஹால்தான் ஞாபகம் வருகிறது, படிக்கவே பிடிக்கவில்லை. சித்தி வேறு "இன்னும் எத்தனை வருஷம்டி" என்கிறார். இதிலிருந்து வெளியே வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தாலுகா ஆபீஸ் அண்ணன்:
தங்கச்சி, ஒருவர் கேட்டுச் சொல்வது வேறு, 200 கேள்விக்கு 180 நிமிடத்தில் விடை வட்டத்தை ஷேட் பண்ணுவது வேறு. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. டிஎன்பிஎஸ்சி தளத்தில் பழைய கேள்வித்தாள் இருக்கிறது, பிரின்ட் எடுத்து ஞாயிறு காலை 9.30-லிருந்து 12.30 வரை, கறுப்பு பால்பாயின்ட் பேனாவோடு, வட்டம் போட்ட ஓஎம்ஆர் விடைத்தாளில், எழுந்திருக்காமல் எழுதுங்கள். வீட்டில் வேண்டாம், பழக்கமில்லாத இடமாக இருக்கட்டும். முதலில் அதே படபடப்பு வரும், வரட்டும். அது இருக்கும்போதே எழுத முடிகிறது என்று உடம்புக்குப் பழக வேண்டும்.

அப்புறம், தமிழில் 150 மதிப்பெண்ணுக்கு 60 வராவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். உங்களுக்குத் தமிழ் பலம், அதிலேயே ஆரம்பியுங்கள். 'விடை தெரியவில்லை' என்று ஐந்தாவதாக ஒரு வட்டம் வைத்திருக்கிறார்களே, நெகட்டிவ் மார்க் இல்லாத தேர்வில் அதை ஏன் ஷேட் பண்ணுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஊகித்தாவது ஒன்றைப் போட்டுவிட்டு நகருங்கள்.

நைட் டியூட்டி நர்ஸ்:
அந்தப் படபடப்பு அட்ரினலின் செய்யும் வேலைம்மா, மூளை பழுதாகிவிடவில்லை. நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு ஏழு எண்ணி மெதுவாக விடுங்கள். விடும்போதுதான் இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும், அதனால் விடுவது நீளமாக இருக்க வேண்டும். இதையும் மாதிரித் தேர்விலேயே பழகுங்கள், ஹாலில் போய் முதல்முறையாகச் செய்தால் உதவாது. வெறும் வயிற்றில் ஸ்ட்ராங் காபி வேண்டாம், அதுவும் படபடப்பைத்தான் கூட்டும். முந்தின இரவு கண்விழிக்காதீர்கள். தேர்வு பக்கத்தில் இல்லாதபோதும் தூக்கம் வராமல், அழுகையாக வந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மளிகைக்கடை பட்டதாரி:
அண்ணன் ஞாயிற்றுக்கிழமை என்று சுலபமாகச் சொல்லிவிட்டார், ஜவுளிக்கடையில் அன்றைக்குத்தானே கூட்டமே! முழுத் தேர்வு மாதத்துக்கு ஒன்றிரண்டு போதும், மற்றபடி 50 கேள்வி, 45 நிமிடம் என்று பிரித்து எழுதுங்கள்.

படிக்கப் பிடிக்கவில்லை என்றீர்களே, ஆர்வம் வரட்டும் என்று காத்திருந்தால் வராது, நின்றே கால் வலிக்கும் வேலையில் யாருக்குத்தான் ஆர்வம் வரும். களைத்து வந்த இரவில் புதுப் பாடம் எடுக்காமல், நேற்றுப் படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து ஒரு பக்கம் எழுதிவிட்டுப் படுங்கள். வாசித்துக்கொண்டே இருந்தால் எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும், ஹாலில் கையை விரிப்பது அதனால்தான். கணக்கு 25 கேள்வி, தனிவட்டி, கூட்டுவட்டி, சதவீதம் என்று தினம் இரண்டு போடுங்கள். தள்ளுபடி பில் போடும் கைக்குச் சதவீதம் ஒரு பயமா? சித்தியிடம் டைப்பிங் கிளாஸ் போகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

தருமபுரிப் பொண்ணு:
டைப்பிங் என்றால் சர்டிபிகேட் எங்கே என்று கேட்பார், அவரைப் பற்றித் தெரியாது உங்களுக்கு! எனக்குச் செவ்வாய்தான் லீவு, இந்த வாரம் தோழி வீட்டு மாடியில் முழுத்தாள் ஒன்று எழுதப்போகிறேன். ஓஎம்ஆர் மாதிரித் தாள் எங்கே கிடைக்கும்?

தாலுகா ஆபீஸ் அண்ணன்:
கோச்சிங் சென்டர் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கேளுங்கள். 200 கேள்விக்கு, ஐந்து வட்டம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், பழையதில் நாலுதான் இருக்கும்.