மெதுவாக ஆறவிட்டால் கண்ணாடி வெளுக்கிறது, உதவி தேவை

கேள்வி (எம்.எஸ்சி. மாணவி, சேலம்):
அணுக்கழிவைக் கண்ணாடியில் பூட்டி வைப்பது பற்றிய புராஜெக்ட். கதிரியக்கம் இல்லாத சாதாரண சீசியம், ஸ்ட்ரான்சியம்தான் சேர்க்கிறேன். எடைச் சதவீதத்தில் சிலிக்கா 48, சோடியம் ஆக்சைடு 18, அலுமினா 10, போரான் ஆக்சைடு 8. 1150 டிகிரியில் உருக்கி எஃகுத் தகட்டில் ஊற்றினால் தெளிவாக வருகிறது. கழிவுக் கண்ணாடியை ஊற்றி வைக்கும் உருளையின் நடுப்பகுதி ஆறுவதுபோல உலையிலேயே மெதுவாக ஆறவிட்டால் பால்வெள்ளையாகிவிடுகிறது. பொடியாக்கி 90 டிகிரி தண்ணீரில் 7 நாள் வைத்தால் போரான் தெளிவான கண்ணாடியைவிடப் பல மடங்கு கரைகிறது. இரும்பு, குரோமியம் சேர்த்த இன்னொரு கலவையிலும் படிகம் வந்தது, ஆனால் கரைவது கூடவில்லை. ஏன் இந்த வித்தியாசம்?

பதில் (கண்ணாடி ஆய்வாளர்):
எக்ஸ்ஆர்டி (எந்தப் படிகம் என்று காட்டும் எக்ஸ்ரே சோதனை) எடுத்துப் பாரும்மா, வெள்ளை நெஃபலின் என்ற படிகமாக இருக்கும். அதில் சோடியம், அலுமினியம், சிலிக்கான் மூன்றும் சம அணுக்கள். கண்ணாடிக்கு உறுதி தரும் சிலிக்காவையும் அலுமினாவையும் படிகம் இழுத்துக்கொள்ள, மிஞ்சுவது போரான் மிகுந்த கண்ணாடி. அது தண்ணீருக்குத் தாங்காது. இரும்பும் குரோமியமும் தருவது ஸ்பினல் என்ற வேறு படிகம். அது சிலிக்காவைத் தொடுவதில்லை, அதனால் உறுதி குலையாது. படிகம் வந்தாலே கெட்டது என்று எழுதுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், எந்தப் படிகம் என்பதுதான் கேள்வி.

மாணவி:
நெஃபலின் வராமலிருக்க, சிலிக்காவின் எடையை சிலிக்கா, சோடியம் ஆக்சைடு, அலுமினா மூன்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.62-க்கு மேல் இருக்க வேண்டும் என்று படித்தேன் சார். எனக்கு 0.63 வருகிறதே?

பதில் (மேக்னசைட் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர், சேலம்):
எந்த மூசையில் (உருக்கும் கிண்ணத்தில்) உருக்குகிறீர்கள்?

மாணவி:
அலுமினா மூசை அண்ணா. உருகல் நின்ற மட்டத்தில் உள்சுவர் அரித்து, நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது.

அதே அண்ணன்:
அதேதான்! சூளையிலும் கசடு செங்கல்லைத் தின்பது அந்த மட்டத்தில்தான் அதிகம். அரித்த அலுமினா உங்கள் கண்ணாடிக்குள் போயிருக்கிறது.

கண்ணாடி ஆய்வாளர்:
அருமை. 100 பங்குக்கு 3 பங்கு அலுமினா கூடினாலே கணக்கு 0.61-க்கு இறங்கிவிடும். வேகமாக ஆறும்போது படிகம் வளர நேரமில்லை, அதனால்தான் தகட்டில் ஊற்றியது தெளிவாக இருந்தது. பிளாட்டினம் மூசை கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் உருக்கிய பிறகு கலவையை அளந்து, அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள். அடுத்த முறை அலுமினாவைக் குறைத்துப் போரானைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள், நெஃபலின் அடங்கும். அப்புறம், விரிசல் வராமலிருக்க 500 டிகிரி வாக்கில் வைத்து ஆற்றுவது வேறு வேலை. அந்தச் சூட்டில் நெஃபலின் வராது, தைரியமாகச் செய்யலாம்.